அக்காவின் கண்ணும் சின்னவளின் கேமராவும்

தையற்கடைக்கும் சாவி போடும் கடைக்கும் நடுவில் பத்தடி அகலத்தில் இருக்கிறது அந்த ஸ்டூடியோ. வாசல் பலகையில் ஏதோ ஒரு பெயர் எழுதியிருக்கிறது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. 'அக்கா ஸ்டூடியோ' என்று கேட்டால்தான் தெருவில் கை காட்டுவார்கள். தையற்காரருக்கு அறுபது தாண்டிவிட்டது, அவருக்கும் அவள் அக்கா. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வரும் தலை நரைத்த ஆசாமிகளுக்கும் அக்கா. முறைப்படி அவளை அக்கா என்று கூப்பிட உரிமை உள்ளவள் உலகத்தில் ஒருத்திதான். அந்த ஒருத்தியை நினைத்துத்தான் அக்காவுக்கு மூன்று வருடமாக வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அக்கா இந்தத் தொழிலுக்கு வந்தது பதினெட்டு வயதில். இதே கடையில் போட்டோக்களை வெட்டிக் கவரில் போடும் வேலை. ஒருநாள் முதலாளிக்குக் காய்ச்சல். அன்றைக்குப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் வகுப்புப் போட்டோ. பதினாலு வகுப்பு. "நீ போய் எடுத்துடு, கெட்டுப்போனா நாளைக்கு நான் போய்ப் பார்த்துக்கறேன்" என்று கம்பளிக்குள்ளிருந்தபடி சொன்னார் முதலாளி. அக்கா போனாள், எடுத்தாள், ஒன்றுகூடக் கெடவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு முதலாளி போகவே இல்லை. வயதாகி அவர் மகன் வீட்டுக்குக் குடிபோனபோது கடை அவள் கைக்கு வந்தது. லிஃப்ட் மெக்கானிக் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். இத்தனைக்கும் நடுவில் வருடம் தவறாமல் வகுப்புப் போட்டோவுக்குப் போய்க்கொண்டே இருந்தாள்.

அவள் எடுக்கிற விதமே தனி. மைதானத்துக்குள் வந்ததும் ஒரு தடவை அண்ணாந்து வெயிலைப் பார்ப்பாள். பிறகு பிள்ளைகளின் மீது ஒரு சுற்று: வெள்ளைச் சட்டை எத்தனை, மரநிழல் எதுவரை, பின்வரிசை நெட்டைகள் யார் யார். அவ்வளவுதான், கேமராவில் வெளிச்சத்துக்கான எண்ணைத் திருப்பி வைத்துவிடுவாள். டக். அந்தச் சத்தத்தை வைத்தே பிள்ளைகள் அவளுக்கு 'டக் ஆன்ட்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். வெளிச்சம் எவ்வளவு என்று அளந்து சொல்லும் கருவியை அவள் அலமாரியில் போட்டுப் பல வருடம் ஆகிறது. அது சொல்வதும் அவள் சொல்வதும் ஒன்றாகவே இருக்கும்போது அதைத் தூக்கிக்கொண்டு அலைவானேன்?

சின்னவள் அவளைவிட எட்டு வயது இளையவள். அவள் பிறந்த அன்றே அக்காவின் கஷ்டகாலம் தொடங்கிவிட்டது என்று சொன்னால் கொஞ்சம் மிகை, ஆனால் அக்கா அப்படித்தான் சொல்வாள். பஸ்ஸில் ஜன்னலோர சீட் சின்னவளுக்கு. அம்மாவின் மடி சின்னவளுக்கு. முழங்கால் வரைக்கும் தொங்கும் கூந்தல், கணக்கில் நூற்றுக்கு நூறு, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகும் முகம், எல்லாம் அவளுக்கே. அக்காவுக்கு மிஞ்சியது கேமரா ஒன்று. அதன் பக்கம் மட்டும் சின்னவள் வந்ததே இல்லை. அந்த ஒரு விஷயத்துக்காகவே அக்காவால் தங்கையை நேசிக்கவும் முடிந்தது.

அப்புறம் சின்னவள் அதன் பக்கமும் வந்தாள்.

பதினோரு வருடம் ஒரு தொலைபேசிக் கம்பெனியில் வாடிக்கையாளர்களின் வசவைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தாள் அவள். ஒருநாள் கம்பெனி அந்தப் பிரிவையே இழுத்து மூடியது. "சும்மா வீட்ல உக்காந்திருக்கறதுக்கு நம்ம கடைக்கு வரட்டுமே" என்று சொன்னவர் அக்காவின் கணவர். சொன்னதற்கு இன்றுவரை வாங்கிக் கட்டிக்கொள்கிறார். சின்னவள் வந்தாள். முதலில் கம்ப்யூட்டர் வேலையை எடுத்துக்கொண்டாள், பிறகு போட்டோவுக்குக் கீழே பிள்ளைகளின் பெயர்களை வரிசை தப்பாமல் அச்சடிக்கும் வேலையை. ஆறு மாதம் கழித்து, கம்பெனி கடைசியாகக் கையில் கொடுத்த பணத்தை அப்படியே கொண்டுபோய் ஒரு கேமரா வாங்கிவந்தாள்.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அக்காவின் கேமராவில் வியூஃபைண்டர் என்பது கண்ணை வைத்துப் பார்க்கும் ஒரு ஜன்னல். உள்ளே ஒரு கண்ணாடி இருக்கும், எதிரே உள்ளது அப்படியே தெரியும். படம் எப்படி விழுந்தது என்று தெரிய வேண்டுமானால் கேமராவை இறக்கிப் பின்பக்கத் திரையைப் பார்க்க வேண்டும். சின்னவளின் கேமராவில் அந்தக் கண்ணாடியே கிடையாது. கண்ணை வைக்கும் இடத்தில் நகத்தளவுக்கு ஒரு திரை. படம் எப்படி வரப்போகிறதோ அதை எடுப்பதற்கு முன்னாலேயே அது காட்டிவிடும். இருட்டாக வரும் என்றால் இருட்டாகவே தெரியும், எண்ணைத் திருப்பத் திருப்ப வெளிச்சமாகும், சரியென்று தோன்றும் இடத்தில் நிறுத்தி அமுக்கினால் போதும். எடுத்த படமும் அதே இடத்தில் ஒரு நொடி வந்து நின்றுவிட்டுப் போகும். எந்தப் பிள்ளை கண்ணை மூடியது, எது நாக்கை நீட்டியது எல்லாம் கண்ணை எடுக்காமலேயே தெரிந்துவிடும்.

"உள்ள சினிமா மாதிரி தெரியுது" என்றார் அக்காவின் கணவர், வாங்கிப் பார்த்துவிட்டு. லிஃப்டுக்குள் பல்பு மாற்றுகிறவருக்கு எதைப் பார்த்தாலும் அதிசயம்தான்.

"நீயும் பாரேன்கா" என்று சின்னவள் நீட்டினாள்.

"அது என்ன, கேமராவா, டி.வி.யா? எனக்கு எதிர்ல இருக்கறதைப் பார்த்தாப் போதும்" என்று சொல்லி அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளுக்குள் கனன்றது வேறு. இருபத்தைந்து வருடம் வெயிலை அண்ணாந்து பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஞானத்தை, இவள் ஒரு சக்கரத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வதா? வெள்ளைச் சட்டை வெளுத்துப்போய், கறுத்த முகம் கறுத்தே போய், அதற்கு ஒரு அழுகை அழுது, மறுபடி போய் எடுத்து, அப்படியெல்லாம் கற்றுக்கொண்டதல்லவா இது? இவள் முதல் நாளே சரியாக எடுக்கிறாள்! அதைவிடக் கொடுமை, நன்றாக எடுக்கிறாள்.

அக்காவிடம் இன்னொரு விஷயமும் இருந்தது. அதை அவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு வருடமாகக் கிட்டத்தில் இருப்பது எதுவும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. மருந்துச் சீட்டைக் கை நீளும் வரைக்கும் நீட்டிப் பார்ப்பாள். நாற்பத்தேழு வயதில் எல்லோருக்கும் வருவதுதான், ஒரு கண்ணாடி போட்டால் தீர்ந்தது. ஆனால் போட்டோக்காரி கண்ணாடி போட்டால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? அதிலும் சின்னவள் என்ன நினைப்பாள்? சின்னவள் பத்தாவது படிக்கும்போதே தூரப் பொருள் தெரியாமல் கண்ணாடி போட்டவள். அப்போது அவளை 'சோடாபுட்டி' என்று ஓட்டி எடுத்தவள் சாட்சாத் நம் அக்காதான். அந்த வாயோடு இப்போது எப்படிக் கண்ணாடிக் கடைப் படியேறுவாள்?

அவளுடைய ஜன்னல் வழியாகப் பார்த்தால் பிள்ளைகள் நன்றாகத் தெரிந்தார்கள். கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பல்சக்கரம் உண்டு, அவரவர் கண்ணுக்குத் தக்கபடி திருப்பி வைத்துக்கொள்ளலாம். கஷ்டமெல்லாம் எடுத்த பிறகுதான். பின்பக்கத் திரையில் முப்பத்து நான்கு பிள்ளைகளும் கலங்கிப்போய் ஒரே கூழாகத் தெரிவார்கள். வெயிலில் அதுவும் தெரியாது. அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள்: திரையைப் பார்ப்பதே இல்லை. டக், டக், டக், டக், நாலு படம். "ஆச்சு, அடுத்த வகுப்பு வா!" பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார்கள், அடேயப்பா, எவ்வளவு நிச்சயம் பார் இந்த அம்மாவுக்கு என்று அசந்துபோவார்கள்.

அப்படித்தான் சென்ற வருடம் இரட்டைப் பிள்ளைகள் சமாசாரம் நடந்தது. ஒரே வகுப்பில் இரட்டையர். அதில் இளையவன் நாலு படத்திலும் கண்ணை மூடியிருந்தான். அக்காவுக்கு அது தெரியவில்லை. கம்ப்யூட்டரில் பார்த்த சின்னவள், மறுபடி போய் நிற்பானேன் என்று பக்கத்தில் நின்ற மூத்தவனின் கண்களை எடுத்து இளையவனுக்கு ஒட்டிவிட்டாள். இரட்டையர்தானே, யாருக்குத் தெரியப்போகிறது? பெற்றவளுக்குத் தெரிந்தது. போட்டோவை எடுத்துக்கொண்டு நேரே தலைமையாசிரியை அறைக்குப் போய், "இது என் பெரியவன் கண்ணு. சின்னவன் கண்ணு எங்கே?" என்று கேட்டாள். தலைமையாசிரியை அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். ஒட்டினவள் வேறொருத்தி, வாங்கிக் கட்டிக்கொண்டவள் வேறொருத்தி. அக்கா இதை ஒரு வருடமாக மறக்கவில்லை. அந்தப் பையன் கண்ணை மூடியதைத் தான் பார்க்கத் தவறியதை மட்டும் மறந்துவிட்டாள்.

இந்த வருடம் பள்ளிக்கூடத்துக்கு ஐம்பது வயது. மொத்தப் பள்ளியையும் ஒரே படத்தில் எடுக்க வேண்டும் என்றார் தலைமையாசிரியை. அறுநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், நாற்பது ஆசிரியர்கள், காவலாளி, தோட்டக்காரர் எல்லாரும் மைதானத்தில் நிற்க, மூன்றாம் மாடி மேலிருந்து எடுப்பது. பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டிவிடுவார்கள். இன்னொரு ஐம்பது வருடம் அது அங்கேயே தொங்கும். விஷயத்தைக் கேட்டதுமே அக்கா மனதுக்குள் மாடி ஏறிவிட்டாள். வெயில் எந்தப் பக்கமிருந்து வரும் என்றுகூட யோசித்துவிட்டாள்.

"அக்கா, நீங்க கீழ நின்னு பிள்ளைங்களை நிறுத்தணும். உங்க குரலுக்குத்தான் அடங்குவாங்க" என்றார் தலைமையாசிரியை. பிறகு மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "படத்தை உங்க தங்கச்சி எடுக்கட்டும்" என்றார்.

அக்காவுக்குக் காது அடைத்துப்போயிற்று. "ஆமாமா, அவளே எடுக்கட்டும்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை வீடு வரைக்கும் முகத்திலேயே வைத்துக்கொண்டு போனாள், இறக்கினால் அழுகை வந்துவிடும் என்று பயம். கணவர் கதவைத் திறந்து, "என்ன, சந்தோஷமா இருக்க?" என்று கேட்டார். அவருக்கு அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

போட்டோவுக்கு முந்தைய நாள் பிற்பகல். ஸ்டூடியோவில் ஆள் இல்லை. சின்னவள் கூடுதல் பேட்டரிகளை சார்ஜில் போட்டுவிட்டு, மறுநாளைக்கு மெமரி கார்டு வாங்கிவரக் கடைத்தெருவுக்குப் போனாள். கேமரா மேஜைமேல் இருந்தது. அக்கா அதைப் பார்க்கவில்லை. தரையைப் பெருக்கினாள். பின்னணித் திரைச்சீலையை உதறினாள். ஸ்டூலின் காலை ஆட்டிப் பார்த்தாள். பிறகு வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, உடைமாற்றும் தடுப்புக்குப் பின்னால் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அதில் கண்ணை வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. பனிமூட்டம்தான். 'இதுக்குத்தானா இந்த ஆட்டம்!' என்று அவளுக்கு ஒரு கணம் குளுகுளுவென்று இருந்தது. ஆனால் பழகின விரல் சும்மா இருக்குமா? அது தன்பாட்டுக்குப் பல்சக்கரத்தைத் தேடிப் போயிற்று. ஒரு நெருடல், இன்னொரு நெருடல். மூட்டம் விலகியது. எட்டாவது நெருடலில் திரைச்சீலையின் நூல் தெரிந்தது. ஓரத்தில் எண்கள் எறும்பு போல் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றும் தெளிவாக.

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எடுத்த படங்களைக் காட்டும் பொத்தானை அமுக்கினாள். அந்த வாரம் சின்னவள் எடுத்த வகுப்புப் போட்டோ உள்ளேயே வந்து நின்றது. பெரிதாக்கினாள். ஒரு பிள்ளையின் இமை மயிர் தெரிந்தது. இன்னொன்றின் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது தெரிந்தது. ஒவ்வொரு முகமாகத் தள்ளிக்கொண்டே போனாள், முப்பத்து நாலு பிள்ளை, அறுபத்தெட்டு கண், எல்லாம் திறந்திருந்தன. கண்ணாடி இல்லாமல், கையை நீட்டாமல், எடுத்த படத்தை அவள் கண்ணால் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தடுப்புச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அவள் அழுதே விட்டாள்.

அழுகை தீர்ந்ததும் கோபம் வந்தது. ஓஹோ, இவ்வளவு நாளும் இவள் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாளா? நான் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட, இவள் கண்ணைத் திறந்துகொண்டு ஓடி, இரண்டுபேருக்கும் பந்தயமா? 'நீயும் பாரேன்கா' என்று அவள் நீட்டியது நினைவுக்கு வந்தது. அதை அக்கா கவனமாக ஒதுக்கித் தள்ளினாள்.

வெளியே செருப்புச் சத்தம். கேமராவை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்து விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். சக்கரம் அவள் திருப்பிய இடத்திலேயே இருந்தது.

சின்னவள் கேமராவைத் திறந்து பார்க்காமல் அப்படியே பையில் போட்டாள். அப்போது சொல்லியிருக்கலாம். கடையைப் பூட்டும்போது சொல்லியிருக்கலாம். "காலைல சீக்கிரம் வந்துடுக்கா" என்று கையசைத்துவிட்டு அவள் போனபோதுகூட, 'ஏய், அந்தச் சக்கரத்தைப் பாருடி' என்றால் முடிந்தது, நாலு வார்த்தை. அக்கா சொல்லவில்லை. மறந்து அல்ல. மாடிமேல் நின்று, கீழே அறுநூறு பேர் அண்ணாந்து பார்க்க, சின்னவளும் ஒரு நிமிஷம் அந்தப் பனிமூட்டத்தைப் பார்க்கட்டுமே என்றுதான்.

மறுநாள் காலை மைதானத்தில் பெஞ்சுகள் ஏழு வரிசை. அக்கா மைக்கைப் பிடித்தாள். "மூணாவது வரிசை நெட்டையா, பின்னாடி போ! ஏய் ரிப்பன், தலையை ஆட்டாதே! கண்ணாடி போட்ட டீச்சர், கொஞ்சம் சிரிங்க, யாரும் மார்க் போடப்போறதில்ல!" அரை மணியில் அறுநூறு பேரும் அச்சில் வார்த்தது போல நின்றார்கள். தலைமையாசிரியை நடுவில் உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டார்.

மாடிக் கைப்பிடிச் சுவரில் சின்னவள் தெரிந்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைக் கழுத்தில் மாட்டினாள். கேமராவைக் கண்ணில் வைத்தாள். உடனே இறக்கினாள். அதைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். மறுபடி இறக்கினாள்.

அக்கா இதற்காகத்தான் காத்திருந்தாள். ஆனால் வந்தபோது அது அவள் நினைத்த மாதிரி இல்லை. முதல் வரிசையில் ஒரு வாண்டு அசைய ஆரம்பித்தது. சின்னவள் மூக்குக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, குனிந்து கீழே ஒவ்வொரு முகமாகத் தேடி, அக்காவைப் பார்த்து நின்றாள். அக்காவின் போன் அடித்தது.

"அக்கா, மேல வா."

மூன்று மாடி ஏறுவதற்குள் அக்கா மூன்று பொய் தயார் செய்துவிட்டாள்.

"என் கேமராவைத் தொட்டியா?" என்றாள் சின்னவள்.

"நான் எதுக்குடி தொடறேன் அதை?"

"அக்கா, மங்கலா இருக்குன்னதும் முதல்ல லென்ஸ்னுதான் பயந்தேன். ஆனா ஓரத்துல நம்பர் கூட மங்கலா இருக்கு. லென்ஸ் கெட்டா நம்பர் எப்படி மங்கும்? சக்கரம் திரும்பியிருக்கு. நான் எப்பவும் மைனஸ் பக்கம் வைப்பேன், எனக்கு தூரம் தெரியாது. இது ப்ளஸ் பக்கம் போய் நிக்குது." சின்னவள் நிறுத்தினாள். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. "கிட்டத்துல தெரியாத ஆளு யாரோ உட்கார்ந்து பொறுமையா, தனக்கு சரியா வர்ற வரைக்கும் திருப்பியிருக்காங்க."

தயார் செய்து வைத்திருந்த மூன்று பொய்யில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை.

"உனக்கு இதுல தெளிவா தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்ப உன் கேமரால, பின்னாடி ஸ்க்ரீன்?"

"தெரியாது."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"ஐயோ அக்கா!" என்றாள் சின்னவள். கீழேயிருந்து தலைமையாசிரியை கையை ஆட்டி என்னவோ கேட்டார். சின்னவள் தன் கழுத்திலிருந்த வாரைக் கழற்றி அக்காவின் கழுத்தில் போட்டாள். "நீ எடு."

"பைத்தியமா உனக்கு? உன்னைத்தானே எடுக்கச் சொன்னாங்க."

"அறுநூறு பேரை நான் எப்பக்கா எடுத்தேன்? முப்பது நாப்பதுக்கு மேல தாண்டினதில்ல. பயத்துல காலைலேர்ந்து ரெண்டு தடவை பாத்ரூம் போய்ட்டு வந்தேன். உன் கண்ணுக்கு வச்சது அப்படியே இருக்கு. எடுடி அக்கா!"

சின்னவளுக்குப் பதற்றம் வந்தால் அக்கா 'டி' ஆகிவிடுவாள். அக்கா கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்தாள்.

அறுநூறு முகமும் உள்ளே இருந்தன. வெள்ளைச் சட்டைகள்மீது கோடுகோடாக என்னவோ ஓடியது. "அது என்னடி கோடு?" என்றாள். "அங்கல்லாம் வெளுத்துப்போகுதுன்னு அர்த்தம். கோடு போற வரைக்கும் குறை." குறைத்தாள். கோடு போயிற்று. முகங்கள் கறுத்தன. கொஞ்சம் ஏற்றினாள், கோடு மூன்று சட்டைகளில் மட்டும் திரும்ப வந்தது. அங்கே நிறுத்தினாள். தான் அண்ணாந்து பார்த்து மனதில் வைத்திருந்த எண்ணும் அதேதான் என்பதைப் பார்த்தாள், அதைச் சின்னவளிடம் சொல்லிக்காட்டவும் செய்தாள். ஒரு பகுதியைப் பெரிதாக்கினாள். தோட்டக்காரரின் மீசை குத்திட்டு நின்றது.

டக் இல்லை, மெல்லிய ஒரு 'சிக்'. படம் கண்ணுக்குள்ளேயே வந்து நின்றது. இரண்டாம் வரிசையில் ஒருத்தி தும்முகிறாள். மறுபடி. ஐந்தாம் வரிசையில் ஒருவன் பக்கத்தவனுக்குக் கொம்பு வைக்கிறான். அக்கா கண்ணை எடுக்காமலே மாடியிலிருந்து கத்தினாள், "அஞ்சாவது வரிசை கொம்பு! கையை இறக்குடா!" மைதானம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே மூன்று படம் எடுத்தாள். பதினோராவது படத்தில் எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்தது என்று அப்போதே அவளுக்குத் தெரிந்தது. இரண்டு வருடமாகத் தெரியாதிருந்தது அது ஒன்றுதான்.

பத்து நாள் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து பெரிய சட்டத்தைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனார்கள். அவர் பிரித்துப் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். "நான் உங்க தங்கச்சிகிட்ட கொடுத்தது எவ்வளவு சரியாப் போச்சு பார்த்தீங்களா அக்கா?" என்றார்.

"இல்ல மேடம், இது அக்கா எடுத்தது" என்றாள் சின்னவள். "நான் பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான்."

தலைமையாசிரியை அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அவள் தோளில் கையை வைத்தார். "என்ன பெரிய மனசும்மா உனக்கு! இந்தக் காலத்துல யாரு இப்படி விட்டுக்கொடுப்பா?"

அக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவளேதான் எடுத்தாள், ஐம்பது வருடம் தொங்கப்போகும் படத்தை. பேர் மட்டும் சின்னவளுக்கு, அதுவும் பெரிய மனசு என்ற பேர்! வாசல் கேட் வரைக்கும் அவளுக்குக் காது சுட்டது. ஆனால் பொறாமையைவிடப் பாரமாக இன்னொன்று பத்து நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. சக்கரத்தைத் திருப்பி வைக்க அக்கா மறந்துவிட்டாள் என்றுதான் சின்னவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி நம்பிக்கொண்டு தன் பக்கத்தில் நடந்துவருவதை அக்காவால் இனித் தாங்க முடியவில்லை.

பஸ் நிறுத்தத்தில் யாரும் இல்லை.

"அந்தச் சக்கரம்..." என்றாள் அக்கா. "நான் மறக்கல. திரும்பியிருக்குன்னு தெரியும். சொல்லாம விட்டேன்."

"ஏன்?"

"நீ மாடிமேல நின்னு முழிக்கணும்னு."

சின்னவள் அவள் பக்கம் திரும்பினாள். "ஏன்கா?"

"ஏன்னா என்ன சொல்றது? பொறாமைடி. உன்மேல பொறாமை. இன்னிக்கு நேத்து இல்ல, சின்ன வயசுலேர்ந்து. போதுமா?"

சொல்லிவிட்டு, அடி விழப்போகிறது என்று எதிர்பார்க்கிறவளைப் போல அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். திட்டட்டும், நாலு நாள் பேசாமல் இருக்கட்டும், வேறு கடை போடுகிறேன் என்று போகட்டும், எதற்கும் அவள் தயார். ஒன்றும் வரவில்லை என்றதும் மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். சின்னவளின் முகத்தில் கோபம் எங்கேயும் இல்லை. முகம் முழுக்கச் சிரிப்பு, எவ்வளவு அடக்கியும் அடங்காமல் காது வரைக்கும் பரவிக்கொண்டிருந்தது.

"என்மேலயா?" என்றாள். "நிஜமாவா? நீ எடுத்த படத்தை நீ திரும்பிக்கூடப் பாக்கமாட்ட, நாலே டக், அடுத்த வகுப்பு வான்னு போய்க்கிட்டே இருப்ப. அதைப் பார்த்து ராவெல்லாம் எனக்குத் தூக்கம் வராதுக்கா. எனக்கு அந்தத் தைரியம் வராதுன்னுதான் எடுக்கறதுக்கு முன்னாடியே காட்டற கேமராவா தேடி வாங்கினேன். நீ என்னடான்னா..." அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவை சொல்லேன்."

"எதை?"

"அதான், என்மேல பொறாமைன்னு."

"போடி" என்றாள் அக்கா. பஸ் வந்தது. சின்னவள் முதலில் ஏறிப் போய் ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து சீட்டைத் தட்டிக் காட்டினாள்.